எழுத்துக்கும் தாலிக்கும் நடுவில்

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதலில் எழுத்து, அதாவது பதிவுத் திருமணம். தாலி பிறகு. எனக்கு எழுத்து முடிந்து பத்து மாதம் கழித்துத்தான் தாலி ஏறியது. கனடாவில் இருக்கும் மாப்பிள்ளையின் அண்ணாவுக்கு லீவு கிடைக்கவேண்டுமே! சட்டப்படி நாங்கள் புருஷன் பெண்சாதி. வெள்ளவத்தைச் சனத்தின் கண்ணுக்கு இன்னும் இல்லை.

அந்த இடைவெளியில் எனக்கு நாள் தள்ளிப்போனது. மணவறையில் வயிறு தெரிந்தால் இரண்டு வீட்டுக்கும் தலைகுனிவு என்று நானும் அவரும் சேர்ந்தே முடிவெடுத்தோம். யாரோ வாங்கித் தந்த மாத்திரை, கொட்டாஞ்சேனையில் என் அறை, பூட்டிய கதவு. டொக்டரிடம் போகவில்லை. இங்கே கருவைக் கலைப்பது குற்றம்; போனால் பொலிஸ் வருமோ என்று பயம்.

கலியாணமாகி இரண்டாம் வருடம் மறுபடி தரித்தது. அவருடைய அம்மாவுக்கு, என் மாமிக்கு, கால் நிலத்தில் படவில்லை. என் கர்ப்பிணி அட்டையைச் சாமியறையில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு கிளினிக் முடிந்ததும் கண்ணாடியைப் போட்டு, வீடியோ கோலில் கனடாவுக்கு அதை வரி விடாமல் வாசிப்பார். என் நிறையும் பிரஷரும் அங்கே பனிக்குள் நின்றவர்களுக்கெல்லாம் பாடம்.

இப்படி வாசிப்பார் என்று தெரிந்துதான், முதல் நாள் மிட்வைஃப், "எத்தனையாவது?" என்று கேட்டபோது, "தலைப்பிள்ளை" என்று மாமி முந்திக்கொள்ள, நானும் தலையாட்டினேன். வாய் திறக்காமலே சொன்ன பொய்.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் இரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்கட இரத்தம் நெகட்டிவ். அவருடையது பொசிட்டிவ். இதுக்கு முதல் ஏதும் தங்கிக் கலைஞ்சதோ, கலைச்சதோ?"

"எங்கட வீட்டில அப்படியொண்டும் இல்லை, டொக்டர்" என்றார் மாமி.

"அம்மா, நான் உங்களைக் கேக்கேல்லை. பிள்ளைக்காகத்தான் கேக்கிறன்."

பிள்ளைக்காக என்றதும் என் நாக்கின் கட்டு அவிழ்ந்தது. "ஓம் டொக்டர். எழுத்துக்கும் கலியாணத்துக்கும் நடுவில ஒண்டு. நான்தான் மருந்து குடிச்சனான்."

மாமியின் கைப்பை மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

ஒருமுறை கலைத்தவளுக்குப் பிறகு தங்காது, தங்கினாலும் நிற்காது என்று சனம் வாய்கூசாமல் சொல்லும். மூன்று மாதமாக அதை நெஞ்சில் சுமந்துகொண்டு திரிந்தவள் நான். அதையே கேட்டேன். டொக்டர் சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை.

"தொடக்கத்திலயே, ஒருக்கா, கிருமி பிடிக்காமல் முடிஞ்சதெண்டால் பெரும்பாலும் அடுத்ததுக்கு ஒண்டும் செய்யாது. திரும்பத் திரும்பக் கர்ப்பப்பையைச் சுரண்டிக் கலைச்சவைக்குத்தான் பிள்ளை முந்திப் பிறக்கிற பயம் கொஞ்சம் கூட. உங்களுக்கு இரத்தம்தான் கேள்வி. அந்தக் கருவின்ர இரத்தம் உங்கட இரத்தத்தில கலந்திருந்தால், உங்கட உடம்பு அதை எதிரியெண்டு பழகியிருக்கும். பிறகு இந்தப் பிள்ளையின்ர இரத்தத்தையும் தாக்கும். அப்பவே ஒரு ஊசி போட்டிருக்கலாம். பரவாயில்லை, இப்ப சோதிப்பம்."

காலி வீதியில் ஓட்டோ நெரிசலில் நின்றது. மாமி வெளியே பார்த்தபடியே கேட்டார்: "எனக்கேன் சொல்லேல்லை?"

"நீங்கள் கனடாவுக்கு வாசிப்பியள், மாமி."

ஓட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். மாமி அவரை முறைத்துவிட்டு, "எல்லாத்தையும் வாசிக்க எனக்கென்ன விசரோ?" என்றார்.

சோதனை முடிவு வர நாலு நாள். மாமி என்னோடு பேசவில்லை. ஆனால் பாலும் முட்டையும் நேரத்துக்கு மேசைக்கு வந்தன. ஐந்தாம் நாள் டொக்டர் சொன்னார்: உடம்பு எதையும் எதிரியாகப் பழகவில்லை, ஏழாம் மாதம் ஒரு ஊசி, பிறந்த பிள்ளையின் இரத்தம் பொசிட்டிவ் என்றால் மூன்று நாளுக்குள் இன்னொன்று. அன்று பின்னேரம் கனடாவுக்கு அட்டை வாசிக்கப்பட்டது. டொக்டர் திருத்தி எழுதிய வரியில் மட்டும் மாமிக்கு இருமல் வந்தது.

பிள்ளைப்பேற்றுக்கு நேரத்துக்குத்தான் போனோம், ஒரு நாள்கூட முந்தவில்லை. வாட்டு வாசலில் நேர்ஸ், அட்டையைப் புரட்டாமலே சிங்களத்தில் கேட்டாள், முதல் பிள்ளையா என்று. மாமிக்குத் தெரிந்த சிங்களம் மரக்கறிக்கடையோடு சரி. எனக்கோ வலியில் பேச்சு வரவில்லை. மாமி இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார்.

"ரெண்டு, மிஸ். ரெண்டாவது. அட்டையில வடிவாப் பாருங்கோ. ஊசியை மறந்துபோகாதையுங்கோ."

மகளுக்கு அப்பாவின் இரத்தம். இரண்டாம் நாள் காலையிலேயே ஊசி போட்டார்கள். மாமி பக்கத்தில் நின்று போடுவித்தார்.