சாவு வீட்டுத் தண்ணீரும் நான் கேட்காத கேள்வியும்

1943, ஐப்பசி மாதம், ஒரு திங்கட்கிழமை. திரேஸ்புரத்தில் என் அக்கா ரோசம்மாளின் கணவர் கஸ்பார் காலையில் வாந்தி எடுத்தார். சாயங்காலம் அவரைப் புதைத்துவிட்டோம். கடலுக்கடியில் மூச்சடக்கிச் சங்கு எடுக்கிற மனிதர். அவரை வாந்திபேதி ஒரே பகலில் துணி பிழிவதுபோலப் பிழிந்துவிட்டது. அக்காவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் மரியம்மைக்கு ஒன்பது வயது. சின்னவள் லூர்துவுக்கு நாலு.

பிள்ளைகளே, நீங்கள் கல்லூரி ஆய்வுக்காகத் தெருத்தெருவாகப் போகப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் ஆறு வருஷமாக வாய் திறந்து சொல்லாததை இன்று சொல்கிறேன். சர்வேசுரன் என் செபத்தைக் கேட்டார். கேட்ட விதம் லேசானதல்ல.

அப்போது நான் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். தலைக்கனத்துக்கு வேறு காரணம் வேண்டுமா? கடைசி வருஷத்தில் ஆளுக்கொரு ஊரை ஆராய்ந்து எழுத வேண்டும். நான் பிறந்த தெருவையே எடுத்துக்கொண்டேன். தலைப்பு, ‘மீனவர் மத்தியில் சுகாதார அறியாமைக்குக் காரணங்கள்’. புரொபசர் மறுபேச்சின்றிக் கையெழுத்துப் போட்டார்.

ஊரில் நோய் பரவிக்கொண்டிருந்தபோது, அத்தான் சாவதற்கு ஒரு வாரம் முன்னால், தாளோடு வந்து இறங்கினேன். எழுத மேசை வேண்டும் என்று சாக்குச் சொல்லிப் பங்குச் சாமியார் வீட்டில் தங்கினேன். உண்மை அதுவல்ல. பயம். அக்கா வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

வீடு வீடாகப் போய் வீட்டுத் தலைவரைக் கூப்பிட்டுக் கேட்பேன். முதல் கேள்வி: “நோய் இருக்கிறதென்று தெரிந்தும் நீங்கள் ஏன் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பதில்லை?” எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். “காய்ச்சித்தானே தம்பி குடிக்கோம்.” அடுத்தது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது? “தெருக்குழாய்லருந்துதான். வேற எங்கன போவ?” நான் தலையை ஆட்டிவிட்டு, வெளியே வந்ததும் ‘பொய் சொல்கிறார்கள்’ என்று ஓரத்தில் எழுதிக்கொள்வேன். படித்த திமிர்.

இதற்குள் தெருவில் ஒரு பேச்சுக் கிளம்பியிருந்தது. நோய் ஒரு வீட்டில் ஒருவரோடு நிற்பதில்லை. நாலைந்து நாளில் அதே வீட்டில் இன்னொருவரையும் கொண்டுபோகிறது. செத்தவர்கள் வந்து துணைக்கு ஆள் கூட்டிப் போகிறார்கள் என்றார்கள். நான் அதையும் ‘மூடநம்பிக்கை’ என்று எழுதினேன். அது உண்மையிலேயே நடக்கிறதா, நடந்தால் ஏன் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை மரியம்மைக்கு வாந்தி கண்டது. கோயிலுக்கு ஓடினேன். மாதா பீடத்துக்கு முன்னால் கையை விரித்து முழங்காலில் நின்று, இந்தப் பிள்ளையை மட்டும் விட்டுவிடும் என்று கதறினேன். சாமியார் போய், சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். வெள்ளிக்கிழமை விடியும்போது அவள் போய்விட்டாள். தகப்பன் குழிக்குப் பக்கத்தில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. அங்கேயே தோண்டினோம்.

அன்று எனக்கு விசுவாசம் போய்விட்டது. மறைக்க ஒன்றுமில்லை. அக்கா அழவில்லை. லூர்துவை மடியில் இறுக்கிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து யார் என்று அவள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. தெருவில் ஒரு சனமும் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

சனிக்கிழமை மத்தியானம். கோயிலில் யாருமில்லை. சண்டை போடத்தான் போனேன். கையில் நான் எழுதி நிரப்பிய தாள்கள் இருந்தன. அவற்றைப் பீடத்துக்கு முன்னால் போட்டேன். “ஆண்டவரே, ஊர் முழுக்க ஏன் ஏன் என்று கேட்டுவிட்டேன். ஒன்றும் விளங்கவில்லை. உம்மிடம் பிள்ளையைக் கேட்டேன், தரவில்லை. எனக்குக் கேட்கவே தெரியவில்லை. யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று நீரே சொல்லும். அந்தச் சின்னக் குட்டி பிழைக்க வேண்டும்.” இவ்வளவுதான் செபம். வானத்திலிருந்து குரல் வரவில்லை. நெஞ்சில் வெளிச்சம் பாயவில்லை. தாள்களைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தேன். ஆனால் கால் சாமியார் வீட்டுக்குப் போகாமல் அக்கா வீட்டுக்குப் போனது.

உள்ளே லூர்து டம்ளரைத் தூக்கிக் குடிக்கப் போனாள். டம்ளரின் அடியில் மணல் கிடந்தது. குழாய்த் தண்ணீரில் மணல் ஏது? கையிலிருந்து பிடுங்கினேன். பிள்ளை வீறிட்டது.

“அக்கா, இந்தத் தண்ணி யாரு கொண்டாந்தது?”

“நாந்தான். வேற யாரு இருக்கா?”

“குழாய்லருந்தா?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஏலே, நீ இந்தத் தெருவுலதான பொறந்த? சாவு வீட்டுக் குடத்த ஏழாம் நாள் பூச முடியுமுன்ன குழாயடில வைக்கலாமா? பக்கத்து வீட்டுக்காரவதான் மோந்து ஊத்தணும். நோய்க்குப் பயந்து ஒருத்தியும் எட்டிப் பாக்கல. கடக்கரை ஊத்துல தோண்டி எடுத்துட்டு வாரேன்.”

“காய்ச்சலயா?”

“மூணு நாளைக்கி அடுப்பு மூட்டப்படாதுலே. அதுவும் மறந்துபோச்சா ஒனக்கு?”

“அந்த ஊத்துப் பக்கத்துல யாரு துணி அலசுதா?”

அக்கா குடத்தைத் திரும்பிப் பார்த்தாள். “செத்தவங்க பாயத்தான் எல்லாரும் அங்கன கொண்டுபோய் அலசுதோம். அத்தான் பாயையும் நாந்தான் அலசினேன்” என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

யாரும் என்னிடம் பொய் சொல்லவில்லை. மற்ற நாட்களில் அவர்கள் காய்ச்சித்தான் குடித்தார்கள். குழாயில்தான் பிடித்தார்கள். நான் ஆண்களிடம் கேட்டேன். தண்ணீர் சுமப்பவர்கள் பெண்கள். எல்லா நாளையும் சேர்த்துக் கேட்டேன். கேட்க வேண்டியது சாவுக்குப் பிந்திய அந்த ஒரு வாரத்தைப் பற்றி. ஏன் செய்யவில்லை என்று குற்றம் சாட்டினேன். என்ன செய்தீர்கள் என்று கேட்கவில்லை. பதிலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, அதற்குக் கேள்வி என்று பெயர் வைத்திருந்தேன்.

அன்று பொழுது சாய்வதற்குள், இரண்டு சாவு விழுந்த வீடுகளுக்கெல்லாம் மறுபடி போனேன். பெண்களை மட்டும் கேட்டேன். “முதல் ஆள் போன மறுநாள் இந்த வீட்டுக்குத் தண்ணி யாரு கொண்டாந்தா, எங்கனருந்து?” வேறொன்றும் கேட்கவில்லை. வாசல் வாசலாக அதே பதில் வந்தது. ஊத்து. ஒருத்தி மட்டும், “இதக் கேக்கவா தம்பி நீரு காலேசுக்குப் போனீரு?” என்றாள். ஆமாம் என்றேன்.

அன்று இரவே சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவர் வேறு பிரசங்கம் வைக்கவில்லை. நோய் ஓயும்வரை சாவு வீட்டுக் குடம் குழாயடிக்கு வரலாம், அந்த வீட்டில் தண்ணீர் காய்ச்ச அடுப்பு மூட்டலாம், பாயை எரித்துவிட வேண்டும் என்றார். முணுமுணுப்பு எழுந்தது. கிழவர்கள் சிலர் எழுந்து போனார்கள். பூசை முடிந்ததும் அக்கா வீட்டுக் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நான் குழாயடிக்குப் போனேன். ஆம்பளை குடம் தூக்குகிறான் என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நாலு பேராகச் சேர்ந்து ஊற்றை மண் தள்ளி மூடினோம். மறுநாள் முதல் என்னோடு இரண்டு படகுக்காரர்கள் குடம் தூக்கினார்கள்.

லூர்துவும் அந்தத் தண்ணீரைக் குடித்தவள்தான். ஐந்து நாள் அவள் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் வரவில்லை. நோய் உடனே ஓடிவிடவில்லை. அதற்குப் பிறகும் சாவு விழுந்தது. ஆனால் எங்கள் தெருவில் ஒரே வீட்டுக்கு இரண்டாவது சவப்பெட்டி செய்ய நேரவில்லை. இது சர்வேசுரன் செய்தது. என் மூளை செய்ததல்ல. என் மூளை செய்ததைத்தான் முன்னாலேயே சொன்னேனே.

பழைய தாள்களை எரித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். கேள்வி மிகவும் சின்னது என்று புரொபசர் முகம் சுளித்தார். பாஸ் போட்டார். அது போதும். அன்று முதல் முழங்காலில் நின்று செபிக்காமல் நான் யாருடைய வாசலிலும் கேள்வியோடு ஏறியதில்லை. பிள்ளைகளே, நீங்களும் அப்படியே போங்கள். ‘எனக்குத் தெரியவில்லை, காட்டும்’ என்று கேளுங்கள். அப்படிக் கேட்டவனை அவர் வெறுங்கையோடு அனுப்பமாட்டார். அதை நம்பலாம்.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஒவ்வொரு ஐப்பசியிலும் அந்த வெள்ளிக்கிழமை வரும்போது அக்கா என்னிடம் கேட்பாள். “ஏலே, வந்தன்னைக்கே நீ இத எங்கிட்டக் கேட்டிருந்தா மரியம்ம இருந்திருப்பாளா?”

ஆறு வருஷமாக ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். “இருந்திருப்பா அக்கா.”

அவள் தலையாட்டுவாள். பிறகு லூர்துவைக் கூப்பிட்டுச் செபமாலையை எடுக்கச் சொல்லுவாள். மூன்று பேரும் முழங்கால் போடுவோம்.