வாசலில் தொங்கிய கற்றாழை

எங்கள் வீடு கோவளத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். கணவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். சென்னையிலிருந்து மாமல்லபுரம் பார்க்க வருகிறவர்கள்தான் பெரும்பாலும் சவாரி. போன கோடையில் முட்டுக்காடு பாலத்தருகே பின்னால் வந்த வேன் ஒன்று மோதியது. காருக்குத்தான் அடி, அவருக்குச் சிராய்ப்போடு போயிற்று. மறுநாள் காலையிலேயே என் மாமியார் ஒரு கற்றாழையை வேரோடு பிடுங்கி, கறுப்புக் கயிற்றில் கட்டி, வாசல் நிலையில் தலைகீழாகத் தொங்கவிட்டார். பிள்ளைமேல் பட்ட திருஷ்டியை அது எடுத்துக்கொள்ளுமாம். நான் உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டேன்.

அந்தக் கற்றாழைமேல் எங்கள் பூனைக்கும் ஒரு கண். பூனையை நான்தான் வளர்க்கிறேன் என்று சொல்லிக்கொள்வேன். மாமியார் அதைக் கூப்பிடுவதே "சனியனே" என்றுதான். ஆனால் மீன் தலையை வேகவைத்து, ஆறவைத்து, முள் எடுத்துப் போடுவதும் அவர்தான். கடல்காற்றில் கற்றாழை ஆடும்போதெல்லாம், பூனை செருப்பு ஸ்டாண்டின்மேல் ஏறித் தாவித் தாவிக் கடிக்கும். விளையாடட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஒரு நாள் காலையில் நுரை நுரையாக வாந்தி எடுத்தது. பிறகு வயிற்றுப்போக்கு. தண்ணீரைக்கூடத் தொடாமல் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய்ச் சுருண்டுகொண்டது.

"சூடு புடிச்சிகினு கீது. வெயிலு இன்னா கொஞ்சமாவா அடிக்குது!" என்ற மாமியார், கொல்லையிலிருந்து கற்றாழை மடல் வெட்டி வந்து, உள்ளிருக்கும் வழுவழுப்பான சோற்றை எடுத்து அலசி, மோரில் கலந்து ஸ்பூனில் நீட்டினார். பூனை முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்றைக்கு வீட்டில் அதற்கு மட்டும்தான் புத்தி இருந்தது.

இருவரும் அதைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கால்நடை மருத்துவர், எங்கள் வீட்டில் என்னென்ன செடி இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன்.

"மணி பிளாண்ட், கத்தாழை ரெண்டுமே பூனைக்கு ஆகாதும்மா. கத்தாழை மடல்ல மஞ்சளா ஒண்ணு வடியுமே, அதான் இந்த வேலை பண்ணியிருக்கு."

"கத்தாழ குளிர்ச்சியாச்சே டாக்டரு. நாங்கல்லாம் குடிக்கிறோமே!" என்றார் மாமியார்.

"நமக்குச் சரி. அதுக்கு விஷம்."

சலைன் ஏறி முடியும்வரை மாமியார் பூனையின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மணி பிளாண்ட்டை எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன். அங்கே பூனை இல்லை. கொல்லையில் இருந்த கற்றாழையைப் பிடுங்கினேன். வாசலில் தொங்கியதன்மேல் மட்டும் கை போகவில்லை. அவிழ்த்த பிறகு ரோட்டில் கணவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நம்பாதவள்தான் நான். ஆனாலும் பயமாக இருந்தது. கயிற்றைச் சுருக்கி இன்னும் உயரத்தில் கட்டினேன். தெம்பு வந்ததுமே பூனை ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறி அதை எட்டப் பார்த்தது.

மாமியார் பூனையை இறக்கிவிட்டு, ஸ்டூலைப் போட்டு ஏறினார்.

"அத்தே, அவரு வந்துரட்டும். ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்."

"அவன் வர்றதுக்குள்ள இது துன்னுடும்."

முடிச்சை அவிழ்த்தார். கற்றாழையை எடுத்துப்போய்க் கடலில் விட்டுவிட்டு வந்தார். புடவைக் கரையெல்லாம் ஈரம். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்ததும் பூனை வந்து மடியில் ஏறியது. போனை எடுத்துப் பிள்ளையைக் கூப்பிட்டார்.

"ஓரமா நிறுத்திட்டுப் பேசு நைனா... ஒண்ணுமில்ல. இனிமே வண்டிய மெதுவா ஓட்டு. வாசல்ல ஒண்ணும் கட்டல. நீதான் பாத்துக்கணும்."