நிறம் மாறாத துளி

துளி விட்டதும் நூபியா பேச்சை நிறுத்திவிடுவாள். வெள்ளைப் பீங்கான் தட்டில் நகக்கண் அளவுக் காகிதத் துணுக்கு. அதன்மேல் ஒரு சொட்டு சோதனைத் திரவம். மூக்கு தட்டில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து நொடிகளை எண்ணுவாள். ஊதாவானால் அது எல்எஸ்டி என்ற போதைப்பொருள். சோதிக்கக் கொண்டுவந்தவர்கள் கைதட்டினால் அவளுக்குப் பிடிக்காது.

"என்னன்னுதான் சொன்னேன் ராசா, நல்லதுன்னு சொல்லல. மனசு ஏற்கெனவே கலங்கியிருந்தா இது இன்னும் கலக்கிவிட்டுரும்."

வாரநாட்களில் கொலம்பியாவின் மெதெயின் நகர மருத்துவமனை ஒன்றில் ரத்தம் பரிசோதிப்பவள். மலைமேல் இசைவிழா என்றால் மருத்துவக் கூடாரத்தில் மடக்கு மேசை போட்டுவிடுவாள். எப்போதும் அதே பச்சைக் கால்பந்துச் சட்டை. "எதிர் டீமு சிவப்புச் சட்டைக்காரன் வந்தாலும் சோதிச்சுக் குடுப்பேன். என்ன, கொஞ்சம் மெதுவா." யாரிடமும் பெயர் கேட்க மாட்டாள். ஸ்ட்ரெச்சர் தூக்கும் எங்களைத்தான் பெயர் சொல்லி விரட்டுவாள்.

போன சனிக்கிழமை மதியம் யுரானி என்ற பெண் சூரியன் படம் போட்ட காகிதத்தை நீட்டினாள். துளி விழுந்தது. ஊதா வரவில்லை. இன்னொரு துளி. அதுவும் நிறமில்லாமல் கிடந்தது.

"இது எல்எஸ்டி இல்ல. யாராவது வாயில போட்டாச்சா?"

யுரானி வெளியே நின்ற போலீஸ்காரரைப் பார்த்தாள்.

"என்னைப் பாரு ராசாத்தி. நான் போலீஸ் இல்ல."

"என்கூட வந்த எஸ்திவென், நூபியாம்மா. ரெண்டு போட்டான். கசக்குது, நாக்கு மரத்துப்போச்சுன்னான்."

நாற்காலி சரிய நூபியா எழுந்தாள். எல்எஸ்டி என்று சொல்லி விற்கும் வேறொரு செயற்கைப் போதைப்பொருள் அப்படித்தான் கசக்கும். உடம்பு கொதிக்கும், வலிப்பு வரும், இதயம் நின்றும் போகலாம்.

ஒலிபெருக்கிகளுக்குப் பக்கத்தில் எஸ்திவென் தன் சட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தான். தொட்டால் சுட்டது. வலிப்பு வந்ததும் ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். மருத்துவர் ஊசி போட்டார். நாங்கள் அக்குளில் பனிக்கட்டி வைத்தோம். ஆம்புலன்ஸ் மலையிறங்கியதும் நூபியா மேடையேறி ஒலிவாங்கியைப் பிடுங்கினாள். இசை நின்றது.

"சூரியன் படம் போட்ட காகிதம் யார்கிட்ட இருந்தாலும் கொண்டாங்க. அது வேற சரக்கு, ஆளைக் கொல்லும். ஏற்கெனவே போட்டவங்க வெக்கப்படாம கூடாரத்துக்கு வாங்க. எல்லாரும் உயிரோட வீடு போய்ச் சேரணும்."

ஒருவரும் அசையவில்லை. யுரானி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தன்னிடம் மிச்சமிருந்ததை எல்லோரும் பார்க்க மேடை விளிம்பில் வைத்தாள். பின்னால் ஒருவன் வந்தான். பிறகு இருவர். பிறகு வரிசை. அறுபத்துமூன்று காகிதங்கள் சேர்ந்தன. வாயில் போட்டிருந்த நான்கு பேர் தாமாகவே நடந்து வந்து எங்கள் கட்டில்களில் படுத்தார்கள்.

ஐந்தரை மணிக்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு. எஸ்திவென் கண் விழித்துவிட்டான், பசிக்கிறது என்கிறான். எங்களிடமிருந்த நால்வருக்கும் அதற்குள் சூடு தணிந்திருந்தது.

நூபியா யுரானியை இழுத்துக்கொண்டு மேடையேறினாள். எல்லோரும் பிழைத்த செய்தியைச் சொன்னதும் மலையே அதிர நூபியாவின் பெயரைக் கூவினார்கள். அவளோ யுரானியின் மணிக்கட்டைப் பற்றி, குத்துச்சண்டை நடுவர் ஜெயித்தவரின் கையைத் தூக்குவதுபோல் உயரத் தூக்கினாள்.