செம்பியை ஏற்றிவர வாங்கிய பழைய ஜீப்

குதிரை ட்ரெய்லரை இழுக்கப் பழைய நான்கு சக்கர ஜீப் வாங்கலாமா, என்ன பார்த்து வாங்குவது என்று மாதத்துக்கு ஒருவராவது எனக்கு எழுதிக் கேட்கிறார். நான் மெக்கானிக் இல்லை. திருப்பூரில் பனியன் யூனிட் நடத்தியவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை அப்படி ஒரு வண்டி வாங்கி, அதில் செய்யக்கூடிய தவறுகளையெல்லாம் மூன்றே நாளில் செய்து முடித்தேன். அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது குண்டடத்தில் எங்கள் தோட்டத்துக் கிணறு வற்றியிருந்தது. சித்திரை மாதம். மாடுகளை விற்றாகிவிட்டது. மிச்சம் இருந்தது செம்பி என்ற பெண் குதிரை மட்டும். எட்டு மாதச் சினை. தண்ணீரை டேங்கரில் வாங்கிவிடலாம், பசும்புல்லை எங்கே வாங்குவது? மடத்துக்குளத்தில் என் மச்சினன் சுப்பு தோட்டத்தில் வாய்க்கால் பாசனம், புல் கிடக்கிறது. குதிரையை அங்கே கொண்டு சேர்த்துவிட்டால் குட்டி பிழைக்கும். தூரம் 52 கிலோமீட்டர்.

லாரியில் ஏற்ற மாட்டேன் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அதற்குக் காரணம் உண்டு. செம்பிக்கு ஒரு ஜோடி இருந்தது. இரண்டையும் வண்டிப் பந்தயத்துக்கு லாரியில் கொண்டுபோய்த் திரும்பும்போது, திங்கட்கிழமை சரக்கு அனுப்ப வேண்டும், சீக்கிரம் ஓட்டப்பா என்று டிரைவரை விரட்டியவன் நான். அவர் ஒரு வளைவில் பிரேக் அடித்தார். ஜோடிக் குதிரை விழுந்து முன்கால் முறிந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. செம்பி அதன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

ஆகவே தரையோடு தாழ்ந்த ட்ரெய்லர் ஒன்றைச் செய்யச் சொன்னேன். காங்கயம் ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறையில் பதினோராயிரத்து ஐநூறு ரூபாய். தரைக்கு வேப்பம்பலகை, அதன்மேல் கயிற்றுப் பாய். பக்கச் சுவரில் இடித்தால் நோகாமல் இருக்க, எங்கள் கட்டிங் டேபிளில் விழும் பனியன் வேஸ்ட்டைச் சாக்கில் திணித்து உள்ளே சுற்றிலும் கட்டினோம். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இந்த ஒன்றை மட்டும் நான் சரியாகச் செய்தேன்.

இழுக்க வண்டி வேண்டும். சுப்புவின் தோட்டத்துக்குப் போக வாய்க்கால் மேட்டில் ஏறி இறங்க வேண்டும். செங்குத்தான ஏற்றம், புழுதி மண். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி, பின்னால் குதிரையோடு அதில் ஏறாது. நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் ஒன்று மடத்துக்குளத்திலேயே இருப்பதாகச் சுப்பு எழுதியிருந்தான். மலை எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவருடையது. அவர் காலமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் மனைவி ஓய்வுபெற்ற டீச்சர்.

வெள்ளிக்கிழமை காலை 6.10க்குத் திருப்பூரில் பஸ் ஏறி, பல்லடம் வழியாக உடுமலையில் 8.05க்கு இறங்கினேன். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் பதினைந்து கிலோமீட்டர். மடத்துக்குளத்தில் இறங்கும்போது 8.45. வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்கு ஆரம்பம். அதற்குள் பணம் கொடுத்து வண்டியைக் கிளப்பிவிட வேண்டும் என்பது என் கணக்கு. அதைவிட முக்கியம், நான் போட்டிருந்த உடை. வண்டி வாங்கப் போவது நல்ல காரியம் அல்லவா? புது வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டு இஸ்திரி செய்தது. பஸ் ஸ்டாப்பில் காத்திருந்த சுப்புவும் அதே கோலம். மாப்பிள்ளை அழைப்புக்கு நிற்பவன் மாதிரி நின்றான்.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். பனியன் யூனிட்டில் ஒரு பொட்டு எண்ணெய்க் கறை பட்டால் அந்தப் பீஸ் செகண்ட்ஸ். காதர்பேட்டையில் பாதி விலைக்குத்தான் போகும். இருபது வருடம் மெஷின் எண்ணெயைக் கண்டாலே விலகி நடந்து பழகிய உடம்பு என்னுடையது. கிரீஸ் இருக்கும் பக்கம் என் கை தானாகவே பின்னால் போய்விடும். ஜீப் வாங்கப் போனவனுக்கு இது எவ்வளவு பெரிய ஊனம் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

டீச்சரம்மா வீட்டு முன் வேப்பமர நிழலில் ஜீப் நின்றது. பச்சை நிறம், பெட்ரோல் வண்டி, எங்கள் பெரிய பையனைவிட வயது அதிகம். தார்ப்பாய் கிழிசல். சாவி திருகியதும் இரண்டாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. புகை வெள்ளை இல்லை, கறுப்பு இல்லை. ரேடியேட்டரைத் திறந்து பார்த்தேன். டயரை உதைத்துப் பார்த்தேன், எதற்கு உதைக்கிறார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பின்னால் இழுவைக் கொக்கி திடமாக இருந்தது. உள்ளே நான்கு சக்கர லீவரைத் தள்ளினேன். 'டக்' என்று விழுந்தது. எனக்கு முகமெல்லாம் சிரிப்பு.

டீச்சரம்மா உள்ளே போய் ஒரு சாக்கை எடுத்துவந்து வண்டிக்குப் பக்கத்தில் விரித்தார்.

"ஏனுங்க, கீழ படுத்துப் பாக்கலீங்களா? எங்கூட்டுக்காரரு எந்த வண்டி வாங்குனாலும் மொதல்ல அடியிலதானுங்க பாப்பாரு."

நான் சுப்புவைப் பார்த்தேன். சுப்பு தன் வேட்டியைப் பார்த்தான்.

"அதெல்லாம் வேண்டாமுங்க டீச்சர். நீங்க சொன்னாச் சரிங்க" என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்லலீங்களே" என்றார் அவர்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் சட்டம் போட்டு மாட்டியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்து மரியாதை ஒன்று உண்டு. ஒருவர் வீட்டுக்குப் போய், அவர் கையால் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, அவர் பொருளைக் குடைந்து குடைந்து பார்ப்பது, நீங்கள் ஏமாற்றுகிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். அதுவும் கணவரை இழந்த அம்மா. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் ஒரு கன்றுகூட வாங்காதவன், அன்றைக்கு ரொம்பப் பெரிய மனுஷனாக நடந்துகொண்டேன். மணி பத்து இருபது. நாற்பத்தோராயிரம் ரூபாயை வெற்றிலையில் வைத்துக் கொடுத்தேன்.

"எங்களுக்கு ராகுகாலமெல்லாம் இல்லீங்க. உங்களுக்குன்னா சீக்கிரம் எடுத்துக்கோங்க" என்று ஆர்.சி. புத்தகத்தையும் கையெழுத்திட்ட ஃபாரத்தையும் கொடுத்தார்.

அன்று மாலையே சுப்புவையும் கூட்டிக்கொண்டு தாராபுரம் வழியாகக் குண்டடம். மீட்டர் ஓடவில்லை, மைல்கல்லைத்தான் எண்ணினேன். மறுநாள் ட்ரெய்லரைக் கொக்கியில் மாட்டிக் காலியாகப் பத்துக் கிலோமீட்டர் இழுத்துப் பார்த்தோம். தார் ரோட்டில் ஒரு குறையும் இல்லை.

ஞாயிறு காலை செம்பியை ஏற்றினோம். லாரியைப் பார்த்தாலே உதறுகிறவள், இந்தத் தாழ்ந்த பலகையில் முக்கால் மணி நேரம் முகர்ந்து பார்த்துவிட்டு, நான் முன்னால் நடக்க, என் தோளில் மூக்கை வைத்தபடி ஏறினாள். அந்த நிமிடம் எனக்கு இருந்த சந்தோஷத்தை எந்த ஏற்றுமதி ஆர்டரும் கொடுத்ததில்லை. 5.40க்குக் கிளம்பினோம். சுப்பு ஓட்டினான். மணிக்கு இருபத்தைந்துக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லியிருந்தேன், அவனும் போகவில்லை. தாராபுரத்தில் பத்து நிமிடம் நிறுத்தித் தண்ணீர் காட்டினோம். 8.20க்கு மடத்துக்குளத்தில் தார் ரோட்டை விட்டு இறங்கினோம். அங்கிருந்து தோட்டம் இரண்டு கிலோமீட்டர்.

வாய்க்கால் மேட்டின் அடியில் சுப்பு லீவரைத் தள்ளினான். 'டக்.' ஏறினோம். பாதி ஏற்றத்தில் பின்சக்கரங்கள் புழுதியில் சுற்ற ஆரம்பித்தன. முன்சக்கரங்கள் சும்மா நின்றன. ஜீப் நின்ற இடத்திலேயே அரை அடி புதைந்தது. பிறகு ட்ரெய்லரின் கனம் அதைப் பின்னால் இழுத்தது. இரண்டு அடி, மூன்று அடி. பின்னால் ஒரு பக்கம் வாய்க்காலின் கருங்கல் சரிவு.

"மாமா, பிரேக்கு நிக்கலீங்க! கல்லு வையுங்க!" என்று கத்தினான் சுப்பு.

குதித்து, கிடைத்த கல்லையெல்லாம் சக்கரத்துக்கு அடியில் போட்டேன். நின்றது. உள்ளே செம்பி சுவரில் மோதிக் கனைத்த சத்தம் எனக்கு அந்த லாரியில் கேட்ட சத்தமேதான். அவளை உள்ளே வைத்திருந்தால் வண்டி மறுபடி சரியலாம். இறக்கினால், அந்தச் சரிவில் பின்பக்கமாக இறங்கும்போது விழலாம். விழுந்தால் வயிற்றில் இருப்பது போய்விடும். கதவைத் திறந்தேன். வேறு வழி தெரியவில்லை.

அவள் இறங்கவில்லை, வழுக்கினாள். பின்கால் மடங்கிக் கிட்டத்தட்ட உட்கார்ந்துவிட்டாள். பலகையின் விளிம்பு கணுக்காலில் ஒரு சாண் தோலை உரித்தது. எழுந்து நின்றபோது உடம்பெல்லாம் வேர்த்து நடுங்கினாள். நான் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். சுப்பு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். என் தோளில் மூக்கை வைப்பாள் என்று நினைத்தேன். தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அவளை மெதுவாக நடத்தித் தோட்டத்தில் கட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது, சுப்பு சட்டையைக் கழற்றிவிட்டு ஜீப்புக்கு அடியில் கிடந்தான்.

"மாமா, முன்னால ஒண்ணுமே இல்லீங்க."

"என்னடா மாப்ள இல்லே?"

"எஞ்சின்லருந்து முன்னச்சுக்குப் போற ஷாஃப்ட்டே இல்லீங்க. லீவர் சும்மா விழுகுது."

நேரே டீச்சரம்மா வீட்டுக்குப் போனோம். நான் கோபமாகத்தான் போனேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் கொல்லைப்புற அறைக்குப் போய், சாக்கில் சுற்றிக் கயிறு கட்டிய ஒரு நீளமான பொருளைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு வந்தார். கிரீஸ் தடவிய இரும்புத் தண்டு.

"எஸ்டேட்ட விட்டு வந்த பொறவு, மேடில்லாத ஊர்ல பெட்ரோல் எதுக்கு வீணுன்னு அவரே கழட்டி வெச்சாருங்க. என்ன சாமான்னு எனக்குத் தெரியாது. வண்டி வாங்குறவங்க அடியில பாத்துட்டுக் கேப்பாங்க, அப்பக் குடுன்னு சொல்லியிருந்தாரு. நீங்க கேக்கவே இல்லீங்களே. அதுக்குத்தான சாக்கு விரிச்சேன்?"

செம்பிக்கு அடிபட்டதைக் கேட்டதும் அவர் கண் கலங்கி, மஞ்சள் பத்துப் போடுங்க என்று ஒரு டப்பாவைக் கையில் கொடுத்தார். கோபப்பட வந்த நான் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

உடுமலையில் ஒரு பட்டறையில் ஷாஃப்ட்டை மாட்டிப் பிரேக்கையும் சரிசெய்ய இரண்டு நாள், ஆயிரத்து நூறு ரூபாய். அதன் பிறகு அந்த ஜீப் அந்த மேட்டில் ஆட்டுக்குட்டி போல ஏறியது.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அழுக்கு லுங்கி கட்டிக்கொண்டு போங்கள், நல்ல நேரம் பார்ப்பதென்றால் முந்தின நாளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது. கீழே படுத்து, எஞ்சினிலிருந்து முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் தனித்தனியாக ஒரு தண்டு போகிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். லீவர் விழும் சத்தத்தை நம்பாதீர்கள். உழுத மண்ணில் ஏற்றி, நான்கு சக்கரமும் மண்ணைத் தள்ளுகிறதா என்று ஒருவர் வெளியே நின்று பார்க்க வேண்டும். பிரேக்கை மேட்டில் பாருங்கள், சமதளத்தில் எல்லா பிரேக்கும் நிற்கும். குதிரையோடு போகும் முழு வழியையும் அதே கனத்துக்கு மணல் மூட்டை ஏற்றி ஒரு முறை போய் வாருங்கள். விற்பவர் மனம் நோகுமே என்று எதையும் கேட்காமல் விடாதீர்கள். கேள்விக்கு நோகிறவர்கள் குறைவு.

வண்டி பற்றிக் கேட்டவர்கள் இத்தோடு போகலாம். செம்பி என்ன ஆனாள் என்று கேட்பவர்களுக்கு மிச்சம்.

மூன்று மாதம் வாராவாரம் மடத்துக்குளம் போய் அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். ஆடியில் குட்டி போட்டாள். சாம்பல் நிற ஆண் குட்டி, நல்லபடியாகப் பிறந்தது. ஐப்பசியில் மழை பெய்து குண்டடத்துக் கிணற்றில் தண்ணீர் ஏறியது. கார்த்திகைப் பிறப்பில் இருவரையும் அழைத்துவரப் போனேன். ட்ரெய்லரைக் கண்டதும் செம்பி பின்வாங்கினாள். கயிறு என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போனது. ஐந்து நாள், தீவனத்தை உள்ளே வைத்தும், வெல்லம் காட்டியும், நான் முன்னால் நடந்தும் பார்த்தேன். என்னைப் பார்ப்பாள், பலகையைப் பார்ப்பாள், காலை வைக்க மாட்டாள்.

ஆறாம் நாள் சுப்பு சொன்னான்: "குட்டிய ஏத்துங்க மாமா."

குட்டிக்கு எதுவும் தெரியாது. துள்ளி உள்ளே ஏறிவிட்டது. நான் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றேன். வெளியே செம்பி ஒரு முறை கனைத்தாள். பலகையில் காலை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பிறகு ஒரே வேகத்தில் ஏறி வந்து, குட்டியின் முதுகில் மூக்கை வைத்து நின்றாள். அவள் உடம்பு என் உடம்போடு ஒட்டி நின்றது. அவள் நடுக்கம் எனக்கும் பரவியது. கதவைச் சாத்தும் வரை அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.