யாம்சோய் சீவிய ஜின்செங்

க்வொக் யாம்சோய் என்ற பெயரைக் குவாய்ஃபோங் முதலில் கேட்டது, இரண்டாவது மாமாவின் பேரனுக்கு ஒரு மாதம் நிறைந்த விருந்தில், சிவப்பு முட்டை உரித்துக்கொண்டிருந்தபோது.

"நம்ம லாய்சிம்முக்குப் பாத்திருக்கோம். மாங்காக் கடைத்தெருவுல சொந்தமா மருந்துக்கடை. நீ யாருன்னு சொல்லாம போய் ஆளைப் பாத்துட்டு வா," என்றாள் மூன்றாவது அக்கா. லாய்சிம் அவளுடைய ஒரே மகள்.

மறுநாளே குவாய்ஃபோங் போனாள். ஆள் லட்சணம்தான். வாய் நிறைய "அக்கா, அக்கா". ஜின்செங் வேர் எண்பத்தெட்டு டாலர் என்று அட்டை தொங்கியது. ஒரு தேல், அதாவது முப்பத்தெட்டு கிராம் போல, கேட்டாள். நிறுத்த கையோடு வேரை இயந்திரத்தில் போட்டுச் சரசரவென்று சீவிவிட்டான்.

"எண்ணூத்தி எண்பது."

"என்னது? எண்பத்தெட்டுன்னு போட்டிருக்கே!"

"அது தேல்ல பத்துல ஒரு பங்குக்குக்கா. கீழ பாருங்க." அட்டையின் அடியில் எறும்பு எறும்பாக எழுத்து. "இனிமே வேணாம்னா? சீவினதை வேற யாரு வாங்குவா?"

உள்ளேயிருந்து அவன் கூட்டாளி, "ஆமை கரையேறிடுச்சா? நல்லா வெட்டு!" என்று சிரித்தான். ஏமாறும் வெளியூர் வாடிக்கையாளருக்கு அந்தத் தெருவில் ஆமை என்று பெயர். அவர்களிடம் கொள்ளையடிப்பதுதான் வெட்டு. ஹாங்காங்கிலேயே பிறந்து வளர்ந்த அவளையா ஆமை என்கிறார்கள்! குவாய்ஃபோங் யாரென்று சொல்லிவிட்டாள்.

"நான் லாய்சிம்மோட சித்தி."

அவனுக்கு வெட்கம் வரவில்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "அடடா, முதல்லயே சொல்லக்கூடாதா சித்தி? வெளியாள்னு நெனச்சுட்டேன். நம்ம வீட்டு ஆளை வெட்டுவேனா?" காசே வேண்டாமென்று பொட்டலத்தைக் கையில் திணித்தான்.

வாயில் ஈ புகுந்த மாதிரி இருந்தது அவளுக்கு. பொட்டலத்தை அங்கேயே போட்டாள். அவள் படியிறங்குவதற்குள், கைத்தடியோடு வந்த கிழவர் ஒருவரிடம், "வாங்கய்யா, எண்பத்தெட்டுதான்," என்று தொடங்கிவிட்டான்.

"பொழைக்கத் தெரிஞ்ச பிள்ளை," என்றாள் அக்கா, எல்லாம் கேட்டுவிட்டு. "உன்கிட்ட காசா வாங்கினான்?"

"த்தூ! அந்த வாயாலதான் நாளைக்கு உன்னை அத்தைன்னு கூப்பிடுவான்."

லாய்சிம் அரிசி களைந்த கையோடு வந்து நின்றாள். "அந்தக் கிழவர் வாங்கினாரா சித்தி?"

"வாங்காம விட்டிருப்பானா?"

சம்பந்தம் பேச யாம்சோய் அனுப்பியிருந்த காளான் பெட்டியைக் கயிறு பிரிக்காமலே எடுத்து வந்து அம்மா மடியில் வைத்தாள். "திருப்பிக் குடுத்துடும்மா. எனக்கு வேணாம்."

யாம்சோய் கடைப் பெயரை மூன்று முறை மாற்றிக்கொண்டு, இப்போதும் அதே தெருவில்தான் வியாபாரம் செய்கிறான்.