நைனாவை அலையவிட்ட வெள்ளி

டைப் அடித்துக்கொண்டே ஹாஸ்டல் ஜன்னல் வழியே இரவு வானத்தைப் பார்த்தேன். மூன்று வெள்ளிகள் ஒன்றின்கீழ் ஒன்றாக நின்றன. அவற்றுக்குக் கீழே ஒரு பெரிய வெள்ளி. காலேஜில் அதற்கு ஏதோ லத்தீன் பெயர் சொல்கிறார்கள். எனக்கு அது நைனாவை அலையவிட்ட வெள்ளி.

வியாசர்பாடியில் எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. விடிவெள்ளியைப் பார்த்துத்தான் அம்மா நைனாவை மில்லுக்கு எழுப்புவாள். இன்னொரு நாள் லேட்டானால் வேலை போய்விடும். அந்தப் பயத்தில், ஒரு புரட்டாசியில், இந்த வெள்ளியை விடிவெள்ளி என்று நினைத்து எழுப்பிவிட்டாள். மில் வரை போன நைனா நடுராத்திரியிலேயே திரும்பி வந்தார்.

"இன்னாமே, வாச்சுமேனே கொறட்ட வுட்டுகினு கீறான்."

மறுநாளும் கிழக்கே ராயபுரம் பக்கம் பெரிதாக ஒரு வெள்ளி எழுந்தது. அம்மா கையைப் பிசைந்தாள். அப்போது எனக்கு எட்டு வயது.

"யம்மா, இது நேத்து வந்த கப்சா வெள்ளிதான். மேல பாரு, அதே மூணும் வரிசையா இத்தத்தான் காட்டுது."

"நல்லா பாத்துச் சொல்லு. எழுப்பட்டா, வேணாமா?"

"வேணாம். நைனா தூங்கட்டும்."

சொல்லிவிட்டுப் பயத்தில் தூங்கவே இல்லை. வெகுநேரம் கழித்து, அந்த மூன்றின் வரிசையில் சேராமல், கிழக்கே வேறொன்று வந்தது.

"இப்ப எழுப்பு."

நைனா மில் வாசலை மிதித்தபோதுதான் சங்கு ஊதியதாம்.

இப்போது என் மேஜையில் அலாரம் கடிகாரம் இருக்கிறது. கப்சா வெள்ளி இன்னும் ஜன்னலில் மினுங்குகிறது. வியாசர்பாடியில் நைனா தூங்கிக்கொண்டிருப்பார்.