ஒரே ஆணியில் இரண்டு சட்டை

கம்பெனி ஆண்டு விழாப் போட்டிக்கு ஒரு குறும்படம் எடுத்தேன். மனைவிக்குப் பகல் ஷிஃப்ட், கணவனுக்கு நைட் ஷிஃப்ட். எங்கள் கதைதான். நடித்ததும் நானும் என் வீட்டுக்காரரும், ஓசூரில் நாங்கள் குடியிருக்கும் ஒற்றை அறையிலேயே.

பக்கம் பக்கமாக வசனம் எழுதியிருந்தேன். அவருக்கு ஒரு வரியும் வாயில் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் திட்டினேன்.

"நாம எப்ப இவ்ளோ பேசியிருக்கறோம்? நீ வர்றப்ப நான் கெளம்பிடறேன்" என்றார்.

கோபத்தில் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்பினேன். கதவோரம் ஒரே ஆணியில் அவருடைய நீல யூனிஃபார்ம் சட்டையும் என் ரோஸ் சட்டையும் சேர்ந்து தொங்கின. அப்படித் தொங்குவது ஞாயிறு மட்டும்தான். மற்ற நாளில் ஒன்று மாட்டியிருந்தால் இன்னொன்று வேலைக்குப் போயிருக்கும்.

அந்த ஆணியை நடுவில் வைத்தே மொத்தப் படத்தையும் எடுத்தோம். நீலம் வந்தால் ரோஸ் போகும். ரோஸ் வந்தால் நீலம் போகும். கடைசியில் இரண்டும் சேர்ந்து தொங்கும். பேச்சே கிடையாது.

விழாவில் என் பக்கத்தில் மஞ்சுளா. எங்கள் லைனில் வேலை செய்கிற கன்னடக்காரி. தமிழ்ப் படம் ஓடினால், "ஏனு ஹேள்தா?" என்று என் தோளைத் தட்டிக்கொண்டே இருப்பாள். அவன் என்ன சொன்னான் என்று நான் விளக்க வேண்டும்.

கடைசிக் காட்சியில் சட்டைகள் இரண்டும் சேர்ந்ததும் பின்வரிசையில் விசில் பறந்தது. ஹாலே கைதட்டியது. முதல் பரிசு எங்களுக்குத்தான்.

கோப்பை டிவி பக்கத்தில் இருக்கிறது. ஆனால் ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது அதற்கும் முன்னால். படம் முடியும்வரை மஞ்சுளா என் தோளைத் தட்டவே இல்லை.